காய் நகர்த்தும் எந்திரங்கள் – 11: வாசலில் கேட்காத கேள்வி

சென்ற வாரம் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் நிறுத்தியிருந்தோம். 2005 ஆகஸ்ட் மாதம், பதின்மூன்றாவது உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப். அமெரிக்கரான ஆன்டனி கோஸி எழுதிய ஸாப்பா முதலிடம் பிடித்தது. அடுத்த இடத்தில் வந்து நின்ற பெயர்தான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது: ஃப்ரூட்.

பிரான்ஸைச் சேர்ந்த ஃபேபியன் லெதூஸே எழுதிய எஞ்சின் அது. போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே, ஜூனில், ஃப்ரூட் 2.1-இன் மூல நிரல் முழுவதையும் அவர் உலகத்துக்குத் திறந்து வைத்திருந்தார். யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். ஜி.பி.எல். எனப்படும் பொது உரிமத்தின் நிபந்தனை சிறியது. மாற்றி வெளியிடுபவர் தம் நிரலையும் அதேபோலத் திறந்து வைக்க வேண்டும். முந்தையவர் பெயரை அழிக்கக் கூடாது.

அந்த நிரலைப் பார்த்தவர்கள் அதன் தெளிவைப் பாராட்டினார்கள். சுருக்கம், ஒழுங்கு, எது எதற்கு என்று புரியும் எழுத்து. உலகின் இரண்டாவது வலிமையான எஞ்சின் எப்படிச் சிந்திக்கிறது என்பதை எந்தக் கல்லூரி மாணவரும் வீட்டிலிருந்தே படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற நிலை வந்தது.

ஆறே மாதத்தில் அந்தக் கொடையே ஒரு வழக்கின் விதையானது.

டிசம்பர் 2005

வாஷிக் ராய்லிக், செக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கர். செஸ்ஸில் சர்வதேச மாஸ்டர் பட்டம் பெற்றவர். நிரலும் தெரியும், ஆட்டமும் தெரியும். இரண்டும் ஒருவரிடமே சேர்வது இந்தத் துறையில் அபூர்வம்.

அவருடைய எஞ்சின் ரிப்கா, 2004 வாக்கில் இணையப் போட்டிகளில் பின்வரிசையில்தான் இருந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

2005 டிசம்பரில் ரிப்கா 1.0 பீட்டா வெளிவந்தது. இலவசம். வந்த வேகத்தில் எஞ்சின்களின் தரவரிசைப் பட்டியல்களில் முதலிடம் ஏறியது. பல ஆண்டுகளாகக் கொடிகட்டிப் பறந்த ஷ்ரெடர், ஃப்ரிட்ஸ், ஜூனியர் எல்லாம் பின்னுக்குப் போயின.

அந்த மாதமே ஒரு நேர்காணலில் ராய்லிக்கிடம் ஃப்ரூட்டைப் பற்றிக் கேட்டார்கள். அவர் மறைக்கவில்லை. ஃப்ரூட் 2.1-இன் மூல நிரலை முன்னும் பின்னுமாக முழுக்கப் படித்ததாகவும், அதிலிருந்து பலவற்றை எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார்.

எடுத்துக்கொண்டது என்ன? யோசனைகளையா, எழுத்தையா? அன்றைக்கு அதை யாரும் துருவிக் கேட்கவில்லை. இந்தத் தொடரின் மிக நீண்ட சச்சரவு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும்.

விதி சொன்னது இதுதான்

உலகக் கணினி செஸ் சாம்பியன்ஷிப்பை நடத்தியது சர்வதேசக் கணினி விளையாட்டுச் சங்கம், சுருக்கமாக ஐ.சி.ஜி.ஏ. அப்போதைய தலைவர் டேவிட் லெவி. பத்தாண்டுக்குள் எந்தக் கணினியும் தம்மை வெல்லாது என்று 1968-இல் பந்தயம் கட்டி, 1978-இல் ஜெயித்தாரே, அந்த செஸ் ஆட்டக்காரர்தான்.

சங்கத்தின் போட்டி விதிகளில் இரண்டாவது விதிதான் நுழைவு விதி. அதன் சாரம் நான்கு பகுதிகள்.

முதலாவது, எஞ்சின் அதை நுழைப்பவர்களின் சொந்தப் படைப்பாக இருக்க வேண்டும். இரண்டாவது, பிறர் எழுதிய ஆட்ட நிரல் அதில் கலந்திருந்தாலோ அதிலிருந்து உருவாகியிருந்தாலோ அத்தனை பேரின் பெயரையும் அல்லது அந்த நிரல் வந்த இடத்தையும் விண்ணப்பத்தில் எழுத வேண்டும். மூன்றாவது, ஏறக்குறைய எல்லா நகர்த்தலும் இன்னொன்றோடு ஒத்துப்போகும் அளவுக்கு நகலாக இருப்பதை, போட்டி இயக்குநர் நிபுணர்களைக் கலந்து செல்லாது என்று அறிவிக்கலாம். நான்காவது, ஆட்டம் சம்பந்தப்பட்ட நிரலை இயக்குநர் கேட்டால் காட்ட வேண்டும்.

பிறர் நிரலைத் தொடவே கூடாது என்று இந்த விதி சொல்லவில்லை. தொட்டால் பெயரைச் சொல் என்றுதான் சொல்கிறது. போட்டிக்கு வரும் எல்லோரும் முந்தைய தலைமுறையின் தோளில் நிற்பவர்கள்தான். யாருடைய தோள் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவே. இதைவிட நியாயமான கோரிக்கை இருக்க முடியாது என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் நான்காவது பகுதியில் ஒரு சொல் இருக்கிறது: கேட்டால். கேட்க வேண்டியது இயக்குநரின் கடமை என்று விதி எங்கும் சொல்லவில்லை.

கேட்ட சந்தர்ப்பங்கள் உண்டு. 2003-இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் லிஸ்ட் என்ற எஞ்சின்மேல் சந்தேகம் எழுந்தது. அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹயட் திறந்து வைத்திருந்த கிராஃப்டியின் நகலாக இருக்குமோ என்றார்கள். லிஸ்டை எழுதிய ஃப்ரிட்ஸ் ராய்ல் நிரலைக் காட்ட மறுத்தார். போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னாளில் நிரல் ஆராயப்பட்டு, அவர்மேல் இருந்த தடை விலகியது.

2006-இல் இத்தாலியின் டூரின் நகரில் லயன் ப்ளஸ் ப்ளஸ் என்ற எஞ்சின் நீக்கப்பட்டது. ஃப்ரூட்டை அடித்தளமாகக் கொண்டிருந்தும் விண்ணப்பத்தில் அதைச் சொல்லவில்லை என்பது காரணம். அதே காலத்தில் தாமஸ் காக்ஷ் என்பவர் ஃப்ரூட்டை மேம்படுத்தி டோகா என்று வெளியிட்டார். அடித்தளம் ஃப்ரூட் என்று வெளிப்படையாகச் சொன்னார், நிரலையும் திறந்து வைத்தார். அதனால் டோகாவைத் திருட்டு என்று யாரும் சொல்லவில்லை.

டூரினில் ரிப்காவும் களத்தில் இருந்தது. ஃப்ரூட்டின் பெயரால் ஒரு எஞ்சின் வெளியேற்றப்பட்ட அதே அரங்கில்.

நான்கு மகுடங்கள்

டூரினில் பட்டம் வென்றது ஜூனியர். அதன்பின் நான்கு ஆண்டுகள் ரிப்காவை நெருங்க ஆளில்லை. 2007 ஆம்ஸ்டர்டாம், 2008 பெய்ஜிங், 2009 ஸ்பெயினின் பாம்ப்லோனா, 2010 ஜப்பானின் கனசாவா. நான்கிலும் ரிப்காவே சாம்பியன்.

இடையில் ஒரு தோல்வி உண்டு. 2007 செப்டம்பரில் மெக்சிகோ நகரில் நம் விஸ்வநாதன் ஆனந்த் உலகப் பட்டத்தை வென்றுகொண்டிருந்த அதே நாட்களில், அதே நகரில், ரிப்காவும் ஸாப்பாவும் பத்து ஆட்டம் மோதின. ஸாப்பா ஐந்தரைக்கு நான்கரை என்று ஜெயித்தது.

இந்த ஆண்டுகளில் நியாயம் பற்றி நடந்த பெரிய விவாதம் நிரலைப் பற்றியது அல்ல, இயந்திரத்தைப் பற்றியது. பெய்ஜிங்கில் ரிப்கா 40 கோர்கள் கொண்ட கணினித் தொகுப்பில் ஓடியது. மற்றவர்கள் அதில் ஒரு பங்கு வலிமை உள்ள கணினிகளோடு எதிரே உட்கார்ந்தார்கள். பணமும் வசதியும் உள்ளவர்தான் ஜெயிப்பாரா என்ற முணுமுணுப்பு எழுந்தது.

2009-இல் சங்கம் எட்டு கோர்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு போட்டது. வேகமான இயந்திரத்தை இயக்கத் தெரிவதும் திறமைதானே என்று எதிர்ப்புக் கிளம்பியது. மறு ஆண்டே வரம்பை எடுத்துவிட்டு, எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கணினி தந்து நடத்தும் தனிப் போட்டி ஒன்றைக் கனசாவாவில் தொடங்கினார்கள். அதில் ஷ்ரெடர் வென்றது.

கோர்களை எண்ணுவது சுலபம். அதனால் அதை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ண முடியாத ஒன்று, எஞ்சினுக்குள் இருப்பது யாருடைய உழைப்பு என்ற கணக்கு, நான்கு ஆண்டுகளும் அப்படியே கிடந்தது.

தானே கொடுத்த துப்பு

2007-இல் ரஷ்யாவிலிருந்து ஸ்ட்ரெல்கா என்றொரு எஞ்சின் கிளம்பியது. யூரி ஒசிபோவ் என்ற பெயரில் வெளிவந்தது. அதன் விடைகள் ரிப்காவின் விடைகளை அச்சாக ஒத்திருந்தன. 2008 ஜனவரியில் ஸ்ட்ரெல்கா 2.0-இன் மூல நிரலும் வெளியானது.

ராய்லிக் அதைப் பார்த்தார். இது என் ரிப்கா 1.0 பீட்டாவைப் பிரித்து எழுதியது, இந்த நிரல் என்னுடையது என்று பகிரங்கமாக உரிமை கோரினார்.

ஒரு நிமிடம் இங்கே நிற்போம். வழக்கின் திருப்புமுனை இதுதான்.

அதுவரை ரிப்காவின் உட்புறத்தை யாரும் பார்த்ததில்லை. விற்பனைக்கு வந்தது மூடிய கோப்பு. இப்போது ஸ்ட்ரெல்காவின் நிரல் எல்லோர் கையிலும் இருந்தது. அதைப் படித்தவர்கள், இதில் பல இடங்கள் ஃப்ரூட்டை நினைவூட்டுகின்றனவே என்றார்கள். ஸ்ட்ரெல்கா ரிப்கா என்றால், ஸ்ட்ரெல்காவில் ஃப்ரூட் இருக்கிறது என்றால், ரிப்காவில்?

தம் உழைப்பைக் காப்பாற்ற ராய்லிக் எடுத்த அடி, மற்றவர்களைத் தம் வீட்டு வாசலுக்கே அழைத்து வந்துவிட்டது.

ஆயினும் அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் ரிப்கா உலகப் போட்டிக்கு வந்தது. நுழைந்தது. வென்றது. சந்தேகம் ஊரெங்கும் பேசப்பட்டது; விசாரணை நடக்கவில்லை. என் பார்வையில் இந்த வரலாற்றின் மிகப் பெரிய தவறு நடந்தது இந்த மூன்று ஆண்டுகளில்தான். ராய்லிக் குற்றமற்றவர் என்றால் 2008-லேயே அது நிரூபணமாகி அவர் நிம்மதியாக இருந்திருப்பார். குற்றவாளி என்றால் மூன்று பட்டங்கள் உரியவர்களுக்கு உரிய நாளிலேயே போய்ச் சேர்ந்திருக்கும்.

லெதூஸே திரும்பி வருகிறார்

ஃப்ரூட்டின் ஆசிரியர் இதற்குள் செஸ் நிரல் உலகத்தை விட்டே போயிருந்தார். 2011 ஜனவரியில் ஒரு திறந்த கடிதத்தோடு திரும்பினார். ரிப்காவுக்கும் ஃப்ரூட்டுக்கும் உள்ள உறவு என்ன என்று கேட்டார்.

பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்டவரே வாய் திறந்ததும் நிலைமை மாறியது. மார்ச் மாதம் செஸ் நிரலாளர்கள் பலர் கையெழுத்திட்டு ஐ.சி.ஜி.ஏ.வுக்கு எழுதினார்கள். விசாரியுங்கள் என்றார்கள். கையெழுத்திட்டவர்களில் நெதர்லாந்தின் எட் ஷ்ரோடரும் ஒருவர். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சங்கம் 34 பேர் கொண்ட குழுவை அமைத்தது. அதை நடத்தும் செயலகத்தில் மூவர்: ராபர்ட் ஹயட், மார்க் லெஃப்லர், ஹார்வி வில்லியம்சன்.

பூட்டைப் பிரிப்பது

எங்கள் திண்டுக்கல்லின் நாகல்நகரில் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இரண்டு மாங்காய்ப் பூட்டுகளை வெளியே வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. பித்தளை ஒன்றுதான், வடிவம் ஒன்றுதான். வேலைப்பாடு யாருடையது என்று தெரிய வேண்டுமானால் ஆணியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நம் ஊர் கேட்டதும் இதைத்தான்: பூட்டு யாரும் செய்யலாம், பெயரை மட்டும் பொய்யாகப் போடக் கூடாது.

ரிப்கா மூடிய பூட்டு. ஃப்ரூட் திறந்த பூட்டு. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இருந்த கணிதவியலாளர் மார்க் வாட்கின்ஸும், அமெரிக்க நிரலாளர் ஜாக் வெக்னரும் ரிப்காவின் ஆணியைக் கழற்றினார்கள். கணினி மட்டுமே படிக்கும் எண் வரிசையிலிருந்து மனிதர் படிக்கும் கட்டளைகளை மீட்டெடுக்கும் வேலை அது. பொறுமையைச் சோதிக்கும் வேலை.

அவர்கள் கண்டதைப் புரிந்துகொள்ள ஒன்று தெரிய வேண்டும். செஸ் எஞ்சினுக்கு இரண்டு வேலை. ஒன்று தேடல்: நான் இங்கே போனால் அவன் அங்கே வருவான் என்று கிளை கிளையாகப் பார்ப்பது. மற்றொன்று மதிப்பீடு: கிளையின் முனையில் நிற்கும் நிலை யாருக்குச் சாதகம் என்று எண்ணில் சொல்வது. தடையின்றி முன்னேறும் சிப்பாய்க்கு எத்தனை புள்ளி, ஏழாம் வரிசையில் நுழைந்த யானைக்கு எத்தனை, ராஜாவின் முன்னால் காவல் குறைந்தால் எத்தனை கழிப்பது என்பதெல்லாம் மதிப்பீட்டில் வரும். எஞ்சினை எழுதியவரின் செஸ் அறிவும் ரசனையும் தெரியும் இடம் அதுதான்.

முதல் தடயம் அட்டவணைகள். எந்தக் காய் எந்தக் கட்டத்தில் நின்றால் எத்தனை மதிப்பு என்று 64 கட்டத்துக்கும் ஆறு வகைக் காய்களுக்கும் ஆட்டத்தின் இரண்டு பருவங்களுக்குமாக ஃப்ரூட்டில் 768 எண்கள். அவை ஒவ்வொன்றாகக் கையால் எழுதப்பட்டவை அல்ல. சில சிறிய வரிசைகளை வைத்து ஒரு கணக்கின் மூலம் உருவாக்கப்பட்டவை. ரிப்காவின் அட்டவணைகளில் எண்கள் வேறு. ஆனால் ஃப்ரூட்டின் அதே கணக்கில் எடைகளை மட்டும் மாற்றினால் அவை வந்துவிடுகின்றன என்று வெக்னர் காட்டினார்.

இரண்டாவது தடயம் மதிப்பீட்டின் கூறுகள். எவற்றைக் கவனிப்பது, எவற்றை விடுவது, கவனித்ததை எப்படிச் சேர்ப்பது என்ற தேர்வுகளை வாட்கின்ஸ் பல எஞ்சின்களில் வரிசையாக ஒப்பிட்டார். எந்த இரண்டு எஞ்சின்களுக்கும் ஓரளவு ஒற்றுமை உண்டு. ரிப்கா 1.0-வுக்கும் ஃப்ரூட்டுக்கும் இருந்த ஒற்றுமை அந்த அளவைத் தாண்டி எங்கோ நின்றது.

மூன்றாவது தடயம் மிகச் சிறியது. ஆனால் பேச்சில் அதுவே நிலைத்தது. ஆட்ட நேரத்தைக் கையாளும் பகுதியில் ஃப்ரூட் தசம எண்களைப் பயன்படுத்தும். ரிப்கா அங்கே முழு எண்களைப் பயன்படுத்தியது. அப்படியிருக்க, ஒரு இடத்தில் மட்டும் ரிப்கா ஓர் எண்ணை 0 என்பதோடு ஒப்பிடாமல் 0.0 என்ற தசம எண்ணோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. ஃப்ரூட்டில் அதே இடத்தில் அதே 0.0 உண்டு. முழு எண்களில் எழுதுபவர் கை தானாக அந்தப் புள்ளியை வைக்குமா?

நான்காவது, பழைய ரிப்கா. 2005-க்கு முந்தைய பதிப்புகளைப் பிரித்தபோது உள்ளே கிராஃப்டியின் பகுதிகள் தெரிந்தன. இவை ஒற்றுமை என்ற நிலையைத் தாண்டியவை. கிராஃப்டிக்கு மட்டுமே பொருந்தும், ரிப்காவில் எந்தப் பயனும் இல்லாத துணுக்குகள்கூட அப்படியே இருந்தன.

எதிர்த்தரப்பிலும் பலமான வாதங்கள் இருந்தன. ஃப்ரூட் பலகையை வரிசையாக வைத்துக்கொள்ளும் எஞ்சின். ரிப்கா அதை 64 பிட் எண்களாக வைத்துக்கொள்ளும். அடித்தளமே வேறென்னும்போது வரிக்கு வரி நகல் சாத்தியமில்லை. எல்லாம் புதிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். யோசனையைப் படித்து மறுபடி எழுதுவது திருட்டா? அந்த 0.0-கூட நேரக் கட்டளையைப் படிக்கும் பகுதியில் இருக்கிறதே தவிர, ஆடும் பகுதியில் இல்லை. விதி பேசுவது ஆட்ட நிரலைப் பற்றித்தானே?

வாட்கின்ஸ் தரப்பின் பதில்: ஒரு நாவலை வேறு மொழியில் எழுதிவிட்டால் கதை தம்முடையது ஆகிவிடாது, தேர்வும் அமைப்பும் படைப்பின் பகுதிதான்.

இரண்டு பக்கமும் யோசித்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு தடயம் மட்டும் இருந்திருந்தால் சந்தேகத்தின் பலனை ராய்லிக்குக்குக் கொடுத்திருப்பேன். நான்கும் ஒரே திசையைக் காட்டும்போது, விண்ணப்பத்தில் லெதூஸேயின் பெயர் இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. ஒரு பெயர் எழுத ஒரு வரி போதும்.

ஜூன் 28, 2011

ராய்லிக்கிடம் விளக்கம் கேட்கப்பட்டது. எல்லோருக்கும் பொதுவான சில துணுக்குகளைத் தவிர, பிறர் எழுதிய ஆட்ட நிரல் எதுவும் ரிப்காவில் இல்லை என்று அவர் பதில் எழுதினார். குழுவின் முன் வந்து தடயங்களை ஒவ்வொன்றாக மறுக்கவில்லை. பழைய மூல நிரலைக் காட்டவும் இல்லை. அது தம்மிடம் இல்லை என்று பிறகு சொன்னார்.

குழுவில் வாக்களித்தவர்களில் ஒருவர்கூட அவர் பக்கம் நிற்கவில்லை.

2011 ஜூன் 28. டேவிட் லெவி தீர்ப்பை அறிவித்தார்.

ரிப்கா கிராஃப்டியிலிருந்தும் ஃப்ரூட்டிலிருந்தும் எடுத்திருக்கிறது, மூலத்தைச் சொல்லவில்லை, இரண்டாவது விதி மீறப்பட்டிருக்கிறது. 2006 முதல் 2010 வரை ஐந்து போட்டிகளிலும் ரிப்கா தகுதி இழக்கிறது. கோப்பைகளையும் பரிசுப் பணத்தையும் திருப்பித் தர வேண்டும். வாஷிக் ராய்லிக் சங்கத்தின் எந்தப் போட்டியிலும் இனி ஆயுள் முழுக்கக் கலந்துகொள்ளக் கூடாது.

மகுடங்கள் கைமாறின. 2007 பட்டம் ஸாப்பாவுக்கு. 2008 பட்டம் ஹையார்க்ஸுக்கு. 2009 பட்டத்தை ஜூனியர், ஷ்ரெடர், டீப் ஸ்யெங் மூன்றும் பகிர்ந்துகொண்டன. 2010 பட்டம் ரோண்டோவுக்கும் திங்கருக்கும் சேர்த்து.

நான்கு ஆண்டு கழித்து வந்த பட்டம். அரங்கில் எழுந்து நின்று கைதட்டியவர்கள் வேறொருவருக்குத்தான் தட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமில் ஸாப்பா அணிக்கு உரியதாக இருந்த அந்த மாலையை எந்தச் சங்கமும் திருப்பிக் கொடுக்க முடியாது.

தீர்ப்பில் உறுத்துவது

முடிவு சரி என்று நினைப்பவன் நான். ஆனால் முடிவுக்குப் போன பாதை உறுத்துகிறது.

செயலகத்தின் மூவரில் ஹயட், கிராஃப்டியின் ஆசிரியர். எடுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட இரண்டு நிரல்களில் ஒன்று அவருடையது. வில்லியம்சன் ஹையார்க்ஸ் அணியைச் சேர்ந்தவர். 2008 பட்டம் ரிப்காவிடமிருந்து பறிக்கப்பட்டபோது போய்ச் சேர்ந்தது அந்த ஹையார்க்ஸிடம். குழுவிலும் ரிப்காவோடு மோதித் தோற்ற எஞ்சின்களின் ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் நேர்மை தவறினார்கள் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. இவ்வளவு நுட்பமான நிரலைப் படிக்கத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான், அவர்கள் எல்லோரும் போட்டியாளர்கள்தான் என்பதும் உண்மை. இருந்தாலும், முறையீடு செய்தவரும் பயன் பெறுபவரும் விசாரிக்கும் இடத்தில் இருந்தால், சரியான தீர்ப்பின்மேலும் நிழல் விழும்.

அந்த நிழலைக் கண்டு முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர்தான் எட் ஷ்ரோடர். நம் வாசகர்களுக்கு அவர் புதியவர் அல்ல. 1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் எட்டு ஆட்டங்களில் ஆனந்தை ஐந்துக்கு மூன்று என்று வென்ற ரெபெல் 10 எஞ்சின் அவர் எழுதியது. மெதுவான இரண்டு ஆட்டங்களில் ஆனந்த் கை ஓங்கியது, விரைவு ஆட்டங்களில் ரெபெல் பிடித்துக்கொண்டது என்று ஏழாம் பகுதியில் பார்த்தோம். விசாரணை கேட்டுக் கையெழுத்துப் போட்ட அந்த ஷ்ரோடரே, தடயங்களைத் தாமே ஆராய்ந்த பிறகு மனம் மாறி ராய்லிக் பக்கம் பேசத் தொடங்கினார். 2012-இல் இங்கிலாந்தில் கணினியியல் பேராசிரியராக இருந்த சோரன் ரீஸ் இந்தத் தீர்ப்பு பெரும் அநீதி என்று நீண்ட கட்டுரை எழுதினார்.

இந்த வழக்கிலிருந்து எனக்குக் கிடைக்கும் பாடம் இது. நுழைவு விதி நியாயமாக இருந்தால் மட்டும் போதாது. அது நுழைவாயிலிலேயே வேலை செய்ய வேண்டும். முதல் சுற்றுக்கு முன்பே ஒவ்வொருவரும், சாம்பியனும் புதியவரும் ஒன்றுபோல, நிரலின் முத்திரையிட்ட பிரதியை இயக்குநரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். முறையீடு வந்தால் மட்டும் அது திறக்கப்பட வேண்டும். வியாபார ரகசியமும் காக்கப்படும். ஐந்தாண்டு கழித்துப் பழைய நிரல் என்னிடம் இல்லை என்று சொல்லும் நிலையும் வராது. முறையீட்டுக்குக் காலக்கெடு வேண்டும். பட்டத்தில் பங்கில்லாதவர்கள் விசாரிக்க வேண்டும். என்ன தண்டனை என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இது தொலைதூரத்து வழக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இன்றைய மிக வலிமையான எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ், ஃப்ரூட்டைப் போலவே திறந்த நிரல். திண்டுக்கல்லில் ஒரு பொறியியல் மாணவர் இன்று இரவே அதை இறக்கிக்கொள்ளலாம், நாளைக்கே சில எண்களை மாற்றலாம், தம் பெயரில் ஒரு போட்டிக்கு அனுப்பலாம். அவரைத் தடுப்பது எளிது. அவர் நேர்மையாகக் கற்கவும், கற்றதைச் சேர்த்துச் சொந்தமாக ஒன்றைக் கட்டவும், வாங்கியதை வாங்கியது என்று தலைநிமிர்ந்து சொல்லவும் வழிசெய்யும் விதியை எழுதுவதுதான் கடினம். அந்த விதி அவருக்கும் வேண்டும், அவரிடம் தோற்பவருக்கும் வேண்டும்.

ராய்லிக் தரப்பு ஓயவில்லை. ஐ.சி.ஜி.ஏ.வும் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயுடன் இணைந்த அமைப்புதானே என்று ஃபிடேயின் நெறிமுறைக் குழுவின் கதவைத் தட்டியது. அங்கே விவாதம் 0.0 பற்றியோ அட்டவணைகள் பற்றியோ மட்டும் இல்லை. இரண்டாவது விதியை மறுபடி படித்துப் பார்த்தார்கள். தகுதி நீக்கம் அதில் இருக்கிறது. ஆயுள் தடை?

எழுதி வைக்காத தண்டனையை, ஐந்தாண்டு தாமதமாக விழித்துக்கொண்ட ஒரு சங்கம், ஒரு மனிதன்மேல் ஆயுளுக்கும் சுமத்த முடியுமா?

(தொடரும்)